பனிமூட்டத்துக்குள் மூன்று எழுத்து

1. கூரைமேல் கம்பி

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் எலக்ட்ரீசியனாக இருந்தேன். எழுபதுகளின் நடுவில், நாட்டில் அவசரநிலை இருந்த நேரம். ஒரு நாள் காலை ரோலர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, என் குவார்ட்டர்ஸுக்குப் போலீஸ் வந்திருப்பதாக ஆள் வந்து சொன்னார். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

சப் இன்ஸ்பெக்டர் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து எதிரே இருந்த சில்வர் ஓக் மரம் வரைக்கும் நான் ஒரு செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தேன். எதற்கு என்று கேட்டார். ஆன்டெனா என்றேன். ரேடியோ கேட்க இவ்வளவு நீளக் கம்பி வேண்டுமா என்றார். கேட்பதோடு, அனுப்பவும் செய்வேன் என்று சொன்னதும் அவரோடு வந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் என் இரு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள்.

நான் மீனாட்சிபுரத்துக்காரன். வீட்டில் மாடும் கொஞ்சம் காடும் உண்டு. பால் கறக்கப் பிடிக்காமல் பொள்ளாச்சியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் போய்ச் சேர்ந்தேன். அங்கே தொற்றியதுதான் அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கினால், நாமே ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்து வைத்துக்கொண்டு, நம்மைப் போன்ற மற்றவர்களோடு மோர்ஸ் தட்டிப் பேசலாம். அதில் காசு வாங்கக் கூடாது. அடுத்தவர் சேதியை அனுப்பக் கூடாது. லைசென்ஸ் வைத்திருப்பவர் தவிர வேறு யாரும் மோர்ஸ் தட்டும் கீயில் கை வைக்கக் கூடாது. லைசென்ஸில் எழுதிய முகவரியைத் தவிர வேறெங்கும் செட்டை ஓட்டக் கூடாது.

இதையெல்லாம் சொல்லி லைசென்ஸையும் காட்டியபின் சப் இன்ஸ்பெக்டர் சமாதானமானார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த காலம். போகும்போது, இனிமேல் இதில் புதிதாக ஏதாவது செய்வதானால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

இது நடந்து இரண்டு வாரம் இருக்கும். எஸ்டேட் பள்ளிக்கூடத்துச் சுடலைமுத்து சார் என்னைத் தேடி வந்தார். பள்ளியில் சாரணர் படையை நடத்துபவர் அவர்தான். படை என்றாலும் மொத்தமே பதினெட்டுப் பையன்கள். எல்லாம் கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைகள். பள்ளி ஆண்டு முடிவதற்குள் ஒரு சனி ஞாயிறில் மலைமேல் முகாம் போடப் போவதாகவும், அதில் வயர்லெஸ் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டார். போலீஸ் வந்துபோன கதையைச் சொன்னேன்.

“அதான் எல்லாருக்கும் தெரியுமே. அதனாலதான் பயலுவ உங்களயே கூப்பிடச் சொல்லுதானுவ” என்றார்.

முகாம் மைதானத்தில் செட்டை ஓட்ட டெல்லிக்கு எழுதி அனுமதி கேட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்து, வராது என்று விட்டுவிட்ட பிறகு வந்தது. குறிப்பிட்ட அந்த மைதானம், அந்த இரண்டு நாள், தினமும் மாலை ஐந்து மணி வரை மட்டும். உள்ளூர்ப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தேன். சப் இன்ஸ்பெக்டர் பேப்பரை இரண்டு முறை படித்துவிட்டு, முகாம் முடியும்வரை செட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கான்ஸ்டபிள் இருப்பார் என்று சொல்லிவிட்டார்.

2. ஏழு எழுத்து

அந்தக் கான்ஸ்டபிள் பெயர் குட்டப்பன். தொடுபுழைப் பக்கத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். சனிக்கிழமை காலை என் செட்டுக்கு ஒரு கை தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர், சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. பையன்கள் கிட்டே வந்தால் கையை நீட்டித் தடுப்பார். அவருக்குச் சொல்லி அனுப்பியது அப்படி.

நானும் யாரையும் செட்டைத் தொட விடவில்லை. பழகுவதற்கென்று பேட்டரி பஸ்ஸர்கள் மூன்று செய்து எடுத்துப் போயிருந்தேன். அதில் தட்டினால் சத்தம் வருமே தவிர எதுவும் காற்றில் போகாது. ஆறு பேர் கொண்ட குழுவை சாரணர்கள் பேட்ரல் என்பார்கள். பேட்ரலுக்கு ஒரு பஸ்ஸர்.

ஒரே காலையில் இருபத்தாறு எழுத்தையும் சொல்லித்தர முடியாது. சொன்னால் ஒன்றும் தங்காது. ஆகவே ஏழே எழுத்து எடுத்துக்கொண்டேன். வெறும் புள்ளியாலான எழுத்து நான்கு: ஈ, ஐ, எஸ், ஹெச். வெறும் கோடாலான எழுத்து மூன்று: டி, எம், ஓ. புள்ளி என்றால் ‘டிட்’, கோடு என்றால் ‘டா’. இந்த ஏழை மட்டும் மதியச் சாப்பாடு வரை தட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது பேட்ரலின் தலைவன் செல்வராசு. பதினான்கு வயது. கால் ஓரிடத்தில் நிற்காது. அவனுக்கு எழுத்துகளில் அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் பேட்ரலிலேயே வேலாயுதம் என்று ஒரு பையன், பேச்சே கிடையாது, ஆனால் தட்டியதை அப்படியே காதில் வாங்குவான். ரிசீவரை வேலாயுதம் வைத்துக்கொள்ளட்டும், வழியை நீ பார்த்துக்கொள் என்று செல்வராசுவிடம் சொன்னேன். அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

3. டிரான்ஸ்மிட்டர் வேட்டை

மதியத்துக்கு மேல் ஒரு விளையாட்டு. சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஓரிடத்தில் ஒளித்து வைத்து ஓட்ட வேண்டும். பேட்ரல்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பி, ரிசீவரை வைத்துத் திசை பார்த்து, அதைக் கண்டுபிடித்து வர வேண்டும்.

நான் செய்திருந்த டிரான்ஸ்மிட்டரில் ஒரே ஒரு வால்வ், ஒரு கிரிஸ்டல். லாரி பேட்டரியில் ஓடும். குரல் அனுப்பாது, சத்தம் மட்டும்தான். மூன்று பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் காயிலை மாற்றிச் சுற்றி, அந்தச் சத்தத்தைப் பிடிக்கிற மாதிரி செய்திருந்தேன். காதில் மாட்டிக் கேட்க ஒற்றை இயர்ஃபோன். ரேடியோவைக் கையில் வைத்து மெல்லச் சுற்றினால் ஒரு நிலையில் சத்தம் அடங்கிப்போகும். அப்போது உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை டிரான்ஸ்மிட்டரைப் பார்க்கிறது என்று அர்த்தம். முன்முனையா பின்முனையா என்பதைச் சற்று நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் கூடினால் சரியான பக்கம்.

பையன்களிடம் இருந்தது ரிசீவர் மட்டும்தான். லைசென்ஸ் இல்லாதவர்கள் கையில் டிரான்ஸ்மிட்டர் கொடுக்க முடியாது. அதாவது, நான் அனுப்புவதை அவர்கள் கேட்கலாம், அவர்களால் எனக்குப் பதில் சொல்ல முடியாது. விளையாட்டுக்கு அது போதும் என்று நினைத்தோம்.

மைதானத்தின் ஓரத்தில் கொழுந்து நிறுக்கும் எடைக்கொட்டகை இருந்தது. அதன் பின்பக்கம் டிரான்ஸ்மிட்டரோடு நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் குட்டப்பன். எஸ்டேட் டிராக்டர் மூன்று பேட்ரல்களையும் மூன்று இடத்தில் இறக்கிவிட்டு வந்தது. செல்வராசுவின் பேட்ரலை இறக்கியது தூரத்தில், அணைக்கட்டு ரோட்டுப் பாறை மேட்டில். காலையில் யானைக் காவலுக்கு நிற்கும் மாடசாமியிடம் கேட்டிருந்தோம். யானைக் கூட்டம் தண்ணீருக்கு அணையின் அந்தக் கரையில் இருக்கிறது, இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த இடத்தையே முடிவு செய்தோம்.

எம், ஓ என்று இரண்டு எழுத்து, பிறகு ஒரு நீளச் சத்தம். இதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தேன். நீளச் சத்தம் திசை பார்ப்பதற்கு.

முதல் பேட்ரல் சிரித்துக்கொண்டே வந்தது. இரண்டாவது பேட்ரல் கொட்டகையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதற்குள் பனி இறங்கத் தொடங்கியது. அந்த மலையில் பனி கீழிருந்து ஏறுவதும் உண்டு, மேலிருந்து இறங்குவதும் உண்டு. அன்று இரண்டும் சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில் மைதானத்துக் கொடிக்கம்பம் தெரியவில்லை. பிறகு கொட்டகையின் அடுத்த மூலையே தெரியவில்லை.

மூன்றாவது பேட்ரல் வரவில்லை. பனியில் மெதுவாகத்தான் வருவார்கள் என்று சுடலைமுத்து சார் சொன்னார். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வழி தப்பாது என்று நானும் சொன்னேன். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

4. பள்ளத்தில் நின்றது

மாடசாமி ஓடி வந்தார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“ஆன ஏறி வந்துட்டுது சார். குட்டியோட நிக்குது, யூகலிப்டஸ் பள்ளத்துல. எத்தனன்னு தெரியல, கொப்பு ஒடியுத சத்தம் ரெண்டு மூணு பக்கமும் கேக்குது.”

சுடலைமுத்து சார் என்னைப் பார்த்தார். பாறை மேட்டிலிருந்து எங்கள் கொட்டகைக்கு நேர்கோடு போட்டால் அது அந்தப் பள்ளத்தின் நடுவில்தான் போகும். ரோடு வழியாக வந்தால் சுற்று. ஆனால் திசை பார்த்து வருகிறவர்கள் ரோட்டைத் தேட மாட்டார்கள். நேராகத்தான் வருவார்கள். அப்படித்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

உள்ளே ஆள் அனுப்பலாமா என்று கேட்டோம். பனிக்குள் குட்டியோடு நிற்கும் யானைக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, வெடி போட்டால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, பையன்கள் இருக்கும் பக்கமே ஓடினாலும் ஓடும் என்றார் மாடசாமி. டிராக்டரில் ரோடு வழியாகச் சுற்றிப் போய்ப் பாறை மேட்டுப் பக்கமிருந்து தேடி வரலாம். அது ஒன்றுதான் வழி. ஆனால் அதற்கு நேரமாகும். அதுவரை பையன்கள் நடக்காமல் இருக்க வேண்டும்.

“மெஷின நிப்பாட்டிருங்க. சத்தம் இல்லன்னா வர மாட்டானுவல்லா?” என்றார் சுடலைமுத்து சார்.

என் கை கீயின் மேல்தான் இருந்தது. எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பையன்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். பனி, ஒன்றும் தெரியவில்லை, காதில் ஒரு சத்தம், அது திடீரென்று நின்றுவிட்டது. நான் என்ன செய்வேன்?

“நிறுத்துனா அவுங்க நிக்க மாட்டாங்க சார்” என்றேன். “இத்தன நேரம் எந்தப் பக்கம் வந்தாங்களோ அந்தப் பக்கமே வேகமா நடப்பாங்க. நிக்கச் சொல்லி அனுப்பிப் பாக்கறனுங்க.”

அவர் அதை ஏற்றுக்கொண்டார். மாடசாமியையும் நான்கு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு டிராக்டரில் கிளம்பிவிட்டார். டிராக்டர் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு பனி அதையும் விழுங்கிவிட்டது.

நிற்கச் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன், எப்படி அனுப்புவது? ‘ஸ்டாப்’ என்று அனுப்பலாம். ஆனால் கடைசி எழுத்தான பி அவர்களுக்குத் தெரியாது. ‘வெயிட்’ என்று அனுப்பலாம். அதில் பாதி எழுத்து தெரியாது. அவர்களிடம் இருந்தது காலையில் நான் கொடுத்த ஏழு எழுத்துதான். அந்த ஏழுக்குள்ளேயே அவர்களுக்குப் புரிகிற ஒரு வார்த்தை இருக்க வேண்டும். அதிலும் இங்கிலீஷில். அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

முதலில் கிடைத்த வார்த்தை ‘ஹோம்’. நான்கு எழுத்தும் தெரிந்தவை. ஆனால் அதைக் கேட்டால் வீட்டுக்கு வா என்று நினைத்து இன்னும் வேகமாக வருவார்கள். எஸ்.ஓ.எஸ். என்று அனுப்பினால் எனக்கு ஏதோ ஆபத்து என்று காப்பாற்ற ஓடி வருவார்கள். சாரணர்கள் அல்லவா.

எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எஸ், ஐ, டி. ‘சிட்’. உட்கார். தினமும் காலையில் வகுப்பில் சார் சொல்லும் வார்த்தை. கடைசிப் பெஞ்சுப் பையனுக்கும் தெரியும்.

நீளச் சத்தத்தை விட்டுவிட்டேன். அது இல்லையென்றால் திசை பார்ப்பது கஷ்டம். எஸ், ஐ, டி. மூன்று எழுத்தையும் முடிந்தவரை மெதுவாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அனுப்ப ஆரம்பித்தேன். டிட் டிட் டிட். டிட் டிட். டா.

5. அஞ்சு மணிக்குப் பிறகு

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சேதி எப்படியோ போய்விட்டது. கொழுந்துப் பையைக்கூட இறக்கி வைக்காமல் பெண்கள் சிலர் மைதானத்துக்கு ஏறி வந்தார்கள். செல்வராசுவின் அம்மா இசக்கியம்மாள் நேராகக் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார். அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“உக்காரச் சொல்லுதுங்க” என்றேன்.

அவர் முகம் இன்னும் வாடிப்போனது. “அவன் எங்க உக்காருவான். சோறு திங்கக்கூட ஒரு எடத்துல உக்காந்தது கெடையாது.”

 தட்டிக்கொண்டே இருந்தேன். பள்ளத்தின் பக்கமிருந்து ஒரு மரம் முறிந்து சாயும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் போகப்போன பெண்களை முதல் பேட்ரல் பையன்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

இந்த ரேடியோவில் பதில் வராத சேதியை நான் எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். கூப்பிடுவோம், யாரும் வர மாட்டார்கள், எழுந்து போய்ச் சாப்பிடுவோம். அன்று பதில் வராது என்று தெரிந்தே அனுப்பிக்கொண்டிருந்தேன். ரிசீவரில் பேட்டரி இருக்கிறதா, இயர்ஃபோன் கழன்று விழுந்துவிட்டதா, வேலாயுதம் கேட்கிறானா, கேட்டாலும் நான் அனுப்புவது இன்னும் எம், ஓ தான் என்று நினைத்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறானா? ஒன்றும் தெரியாது. கை மட்டும் அதன்பாட்டில் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போது குட்டப்பன் தொண்டையைச் செருமினார்.

“சாரே, அஞ்சு மணி கழிஞ்சு. பேப்பர்ல அஞ்சு வரைக்கும்னுதான் இருக்கு.”

கையை நிறுத்தாமலேயே சொன்னேன். உயிருக்கு ஆபத்து என்றால் அனுப்பலாம், அதற்கு விதி இடம் கொடுக்கிறது என்றேன். அந்த விதி தனக்குத் தெரியாது, எஸ்.ஐ. தனக்குச் சொன்னது மணிதான், கேள்வி வந்தால் தன் வேலைதான் போகும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

இசக்கியம்மாள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். 

 குட்டப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“நான் ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ.கிட்ட விவரம் சொல்லிட்டு வர்றேன். நிறுத்தணுமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்” என்றவர், சற்று நின்று, “நடந்துதான் போகணும், சாரே. பனியாக்கும். திரும்பி வர ஒருபாடு நேரமாகும்” என்றார்.

போய்விட்டார். நான் தட்டினேன்.

அடுத்த தொந்தரவு பேட்டரி. காலையிலிருந்து ஓடுகிற பேட்டரி. கீயை அழுத்தும்போதெல்லாம் சத்தம் இழுத்துக் குழற ஆரம்பித்தது. நான் அனுப்புவதை நானே கேட்கும் மானிட்டரில் எனக்கே புள்ளி எது கோடு எது என்று தெளிவில்லை. இப்படி அனுப்பினால் வேலாயுதத்தின் காதில் என்ன விழும்? ஒரு புள்ளி கோடாகத் தெரிந்தால் வார்த்தை கெட்டுவிடும்.

இரண்டாவது பேட்ரல் பையன்களைத் தொழிற்சாலைக்கு விரட்டினேன். கொழுந்து லாரியின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் ஒரு கம்பில் கயிறு கட்டித் தோளில் சுமந்து, மேடேறி வந்து சேர்ந்தார்கள். வந்ததும் பழையதைக் கழற்றினேன். லாரி பேட்டரியின் டெர்மினல் துருப்பிடித்துக் கிடந்தது. கத்தியால் சுரண்டினேன். பனியில் நனைந்த கையில் கிளிப் நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் இசக்கியம்மாள் குனிந்து கிளிப்பைப் பிடித்துக்கொள்ள, நான் முறுக்கினேன். வால்வ் மறுபடி சூடேற வேண்டும். அதுவரை கீயை அழுத்திப் பயனில்லை.

அவ்வளவு நேரமும் காற்றில் ஒன்றும் போகவில்லை. எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. குழறலாக அனுப்புவதைவிடச் சற்று நிறுத்திச் சுத்தமாக அனுப்புவது மேல் என்று நினைத்தேன். வால்வ் சிவந்ததும் மறுபடி தொடங்கினேன். சத்தம் மணி மாதிரி இருந்தது. எஸ், ஐ, டி.

பனிக்குள் வெளிச்சம் மங்கி வந்தது. எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியாது. விரல் மரத்துப்போய், மணிக்கட்டை ஆட்டித்தான் தட்ட முடிந்தது.

முதலில் கேட்டது டிராக்டர் சத்தம். அப்புறம் விசில். சாரணர் விசில், நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. இசக்கியம்மாள் எழுந்து ரோட்டுப் பக்கம் நடந்தார். ஓடவில்லை. ஓடப் பயந்தார் என்று நினைக்கிறேன். டிரெய்லரில் சுடலைமுத்து சார் எழுந்து நின்று ஆறு விரலை உயர்த்தி, ஆறு பேரும் இருக்கிறார்கள் என்று காட்டினார். அதைப் பார்த்த பிறகும் நான் இன்னொரு முறை தட்டிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

செல்வராசு டிரெய்லரிலிருந்து குதித்தான். அம்மா அவன் தோளைப் பிடித்து, நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். “உக்காந்தியாடா?” என்று கேட்டார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

6. செல்வராசு சொன்னது

குட்டப்பன் எஸ்.ஐ.யோடு ஜீப்பில் வந்தபோது பையன்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டார், திட்டவில்லை. ஆனால் செட்டை எடுத்துப் போனார். மேலே விளக்கம் எழுதி, டெல்லியிலிருந்து பதில் வந்து, செட் என் கைக்குத் திரும்ப ஒரு மழைக்காலம் ஆனது. லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டப்பனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

செட் இல்லாத முகாமில் ஞாயிற்றுக்கிழமை காலை பையன்களை உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். மேலிருந்து நான் அனுப்பியது கீழே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று.

அவர்கள் பள்ளத்தின் விளிம்பு வரை வந்துவிட்டிருந்தார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் யானைச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் சத்தம் பலமாகிக்கொண்டே வந்ததால், கிட்டே வந்துவிட்டோம் என்று செல்வராசுவுக்கு உற்சாகம். அப்போது வேலாயுதம் நின்றுவிட்டான். எழுத்து மாறுகிறது என்றான். எம், ஓ இல்லை, வேறு ஏதோ வருகிறது, உட்காரச் சொல்கிறார்கள் என்றான். அவனுக்குத் தப்பாகக் கேட்கிறது என்று செல்வராசு இயர்ஃபோனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான். ஒரு முறை கேட்டான், நம்பவில்லை. மறுபடி கேட்டான். பிறகு ஆறு பேரும் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். இயர்ஃபோன் ஒன்றுதான் என்பதால் அதை ஒருவர் மாற்றி ஒருவர் காதில் வைத்து, சத்தம் வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“பயமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“உக்காரச் சொன்னப்ப பயமே இல்ல சார்” என்றான் செல்வராசு. “நடுவுல நீங்க நிறுத்துனீங்கல்ல. அப்பத்தான் பயந்துட்டோம். உங்களுக்கு என்னமோ ஆயிட்டுதுன்னு நெனச்சோம். எல்லாரும் எந்திரிச்சிட்டோம். ரெண்டு பேரு நடக்கவே ஆரம்பிச்சிட்டாங்க.”

“அப்புறம்?”

“நானும் நாலு எட்டு நடந்தேன். அப்பத்தான் சத்தம் திரும்ப வந்துச்சு. உடனே உக்காந்துட்டோம், சார் தேடி வந்தப்ப அங்கயேதான் இருந்தோம்.”

நான் டெர்மினலைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் எனக்குக் கவலை பேட்டரி ஒன்றுதான். அடுத்த பக்கத்தில் அந்த மௌனத்தையும் ஒரு சேதியாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு பேர் எழுந்து பள்ளத்தைப் பார்த்து நடக்கப் போதுமான சேதி அது.

மோர்ஸில் ‘பொறு, இதோ வருகிறேன்’ என்று சொல்ல ஒரு குறி உண்டு. ஒரு புள்ளி, ஒரு கோடு, மூன்று புள்ளி. நிறுத்தப் போகிறவன் அதைத் தட்டிவிட்டு நிறுத்த வேண்டும். பரீட்சைக்குப் படித்தது. அன்று அது பையன்களுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ்ஸரில் தட்டிக் காட்டினேன். பிறகு எத்தனையோ முகாம்களில், பள்ளிக்கூடங்களில், புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது அந்தக் குறிதான். எழுத்தெல்லாம் அதற்கு அப்புறம்.

இதைப் படிக்கிற இளைஞர்களில் சிலர் ஹாம் என்கிற இந்த அமெச்சூர் ரேடியோ லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். வேகமாகத் தட்டப் பழகுங்கள், சுத்தமாகத் தட்டப் பழகுங்கள். ஆனால் கீயிலிருந்து கையை எடுப்பதற்கு முன்னால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அடுத்த பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது, நீங்கள் பேட்டரி மாற்றுவதும் தெரியாது. சத்தம் நின்றால், அவரைப் பொறுத்தவரை நீங்கள் இல்லை.